விதைத்த மேய்ச்சல் தரையில் மரங்கள் மீண்டும் தலையெடுக்காமல் காத்தல்: திருகோணமலைப் பட்டிக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கந்தளாயிலோ ஈச்சிலம்பற்றிலோ வெருகலிலோ பற்றைக்காட்டைத் துப்புரவாக்கிப் புல் போட்ட நிலங்களில் பெரும்பாலானவை முதல் மாரியில் நன்றாகவே இருக்கும். இரண்டாம் மாரி முடிந்து தை பிறக்கும்போது விடத்தல், இலந்தை, நாயுண்ணி ஆகிய முட்பற்றைச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அதற்கடுத்த ஆண்டில் மாடு நுழையத் தயங்கும் முட்பற்றையாக அந்த இடங்கள் மாறிவிடும். பிறகு மீண்டும் உழவு இயந்திரமோ புல்டோசரோ கூப்பிட வேண்டியிருக்கும். முதலில் செலவழித்த பணம் மண்ணோடு போய்விடும்.

இதற்குக் காரணம் துப்புரவாக்கிய விதத்தில் உள்ள குறை மட்டுமல்ல. காட்டை வெட்டுவது வேலையின் தொடக்கமே என்பதும், அடுத்த மூன்று ஆண்டுகளில் செய்யும் சிறு வேலைகளே அந்த நிலம் புல்லுக்கா மரத்துக்கா என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதும் கணக்கில் எடுக்கப்படாமையே பெரிய காரணம். அந்த மூன்று ஆண்டுகளில் என்ன செய்வது, எந்த மாதத்தில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பவற்றை இங்கே விரிவாகக் கூறுகிறேன்.

முதற்படி: முளை எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பாருங்கள்

மாரி ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும் தை மாதத்தில், ஓர் அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தரையைக் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். கண்ணில் படும் முளைகளில் சிலவற்றை இனத்துக்கு ஒன்றிரண்டாகத் தோண்டிப் பாருங்கள். மேலிருந்து பார்க்க ஒரே மாதிரியாக நிற்கும் முளைகள், மண்ணுக்குக் கீழே மூன்று வெவ்வேறு கதைகளைச் சொல்லும்.

முதலாவது, விதையிலிருந்து வந்த கன்று. தண்டுக்கு நேர்கீழே ஆணிவேர் இறங்கியிருக்கும்; வேறெதனோடும் தொடர்பு இருக்காது. இரண்டாவது, வெட்டிய அடிக்கட்டையின் கழுத்திலிருந்து கொத்தாக எழும் தளிர். இலந்தையும் ஆவாரையும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஒரு தண்டை வெட்டினால் ஏழெட்டுத் தண்டு கிளம்பும். மூன்றாவதுதான் மிகவும் தொல்லையானது. விடத்தல் முளையொன்றைச் சுற்றி அரை அடி ஆழத்துக்கு மண்ணை விலக்கினால், தண்டு நேராகக் கீழே இறங்காமல், விரல் தடிப்பில் படுக்கையாக ஓடும் ஒரு வேரின் முதுகில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அந்த வேரை இரு பக்கமும் தொடர்ந்து போனால், ஒரு முனை பழைய அடிமரத்தை நோக்கியும், மறுமுனை அடுத்த முளையை நோக்கியும் போகும். பத்து முளை என்று நாம் எண்ணியது உண்மையில் ஒரே மரமாக இருக்கும். வேம்பும் வேர் காயப்பட்டால் இவ்வாறே முளைவிடும்.

இந்தப் பிரிவை அறியாமல் எந்த முறையைத் தேர்ந்தாலும் உழைப்பு வீணாகும். விதைக்கன்றுக்குப் பொருந்தும் முறை அடிக்கட்டைக்குப் பொருந்தாது. அடிக்கட்டையைக் கொல்லும் முறை வேர்முளையை இன்னும் பெருக்கலாம்.

தரையை நடந்து பார்க்கும்போதே, எந்த மரங்களை விட்டுவைப்பது என்பதையும் முடிவு செய்து சுண்ணாம்பால் அடையாளமிடுங்கள். ஒரு மரமும் இல்லாத மேய்ச்சல் தரை நம்முடைய வெயிலுக்கு ஏற்றதன்று. வைகாசி முதல் ஆவணி வரை நிழல் கிடைக்காத பசு மேய்வதைக் குறைத்துக்கொள்ளும், பாலும் குறையும். ஏக்கருக்கு நான்கைந்து பெரிய மரங்கள், ஒரே மூலையில் குவியாமல் பரவலாக நிற்பது போதுமானது என்பது என் கருத்து. ஓடைக்கரையிலும் குளத்தின் மேற்புறத்திலும் நிற்கும் மருத மரங்களையும் அவற்றைச் சுற்றிய பற்றைகளையும் தொடவே வேண்டாம்; அவை போனால் அடுத்த மாரியில் கரையும் போய்விடும். பெண் பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி தேவை. முதிரை, பாலை போன்ற பெறுமதியான மரங்களைத் தறித்து ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். நிலம் உறுதிக்காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, வன ஒதுக்கா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் கத்தியை எடுக்காதீர்கள். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் திரும்பிய மூதூர் கிழக்குப் பகுதி போன்ற இடங்களில், ஆழ உழுவதற்கு முன் வெடிபொருள்கள் அகற்றப்பட்ட காணியா என்பதையும் கேட்டறிவது அவசியம்.

இரண்டாம் படி: காலத்தைக் கணக்கிடுங்கள்

நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் வந்துவிடும். பிறகு வரும் நீண்ட கோடையில் கச்சான் காற்று மண்ணைக் கல்லாக்கிவிடும். மரம் இந்தக் கோடையைத் தாண்டுவது வேரில் சேமித்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான். பஞ்ச மாதத்துக்கென்று கட்டிவைத்த நெல்மூடை போன்றது அது. புதிய தளிர் விடும்போது மரம் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. இலைகள் முழுதாக விரிந்து, வெயிலைப் பயன்படுத்தி உணவு செய்யத் தொடங்கிய பிறகே மீண்டும் வேருக்கு அனுப்புகிறது.

எனவே வெறும் கத்தியை மட்டும் நம்பி வெட்டுபவர், தளிர் விரிந்து இலைகள் முழு அளவை எட்டும் தறுவாயில், சேமிப்பு அடிமட்டத்தில் இருக்கும்போது வெட்ட வேண்டும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் ஒரு தரம், அதிலிருந்து புதுத்தளிர் முழங்கால் உயரம் வந்ததும் மறுபடி, இடையில் பங்குனி, சித்திரையில் மழை கிடைத்துத் தளிர் வந்தால் இன்னொரு தரம் என்று செய்வது பலன் தரும். இலை உதிர்ந்து நிற்கும் ஆடி மாதத்தில் வெட்டினால் மரம் இழப்பது விறகு மட்டுமே. வேர் முழுச் சேமிப்போடு ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும். கோடையில் வேறு வேலை இல்லை என்பதால் ஆடியில் கூலிக்கு ஆள் பிடித்து வெட்டுவதே நம் ஊர்களில் வழக்கம். மரத்தைப் பொறுத்தவரை அதைவிட வசதியான மாதம் இல்லை.

விதைக்கன்றுகளைப் பிடுங்குதல்

இதுவே மலிவான வேலை. ஆகவே இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். தை, மாசியில் மண் இளகியிருக்கும்போது, ஓர் அடிக்கும் குறைவான கன்றுகளைக் கையால் பிடித்து நேராக மேலே இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். முள் உள்ளவற்றுக்குத் தடித்த தோல் கையுறை வேண்டும். இழுத்து வராதவற்றை மண் மட்டத்தில் அறுத்துவிட்டு நகராதீர்கள். மண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே, வேர்க்கழுத்துக்கு அடியில் மண்வெட்டியைச் சரித்து வெட்டுங்கள். முளைவிடும் மொட்டுகள் பல இனங்களில் அந்தக் கழுத்துப் பகுதியிலேயே உள்ளன. நாயுண்ணியின் வேர் ஆழமில்லாததால் ஈர மண்ணில் பெரிய செடியையும் அலவாங்கால் நெம்பி எடுத்துவிடலாம். வேரை மேற்புறமாகத் திருப்பி வெயிலில் காய விடுங்கள். நாயுண்ணி இலை மாட்டின் ஈரலைப் பாதிக்கும் நஞ்சுள்ளது. தின்ற மாட்டுக்குத் தோல் வெயிலில் வெந்து உரியும், கண் மஞ்சளாகும். பசியோடு வரும் பட்டியை, வெட்டிய நாயுண்ணி குவிந்து கிடக்கும் இடத்தில் விடக் கூடாது.

கன்று பிடுங்கிய ஒவ்வொரு குழியிலும் அன்றைக்கே இரண்டு மூன்று புல்வேர்த் துண்டுகளை ஊன்றி மிதித்துவிடுங்கள். வெறுமையாக விட்ட குழியில் அடுத்து முளைப்பது பெரும்பாலும் புல்லாக இருக்காது.

அடிக்கட்டைகளைக் கொல்லுதல்

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மருந்தில்லாத முதல் வழி, மேலே கூறிய காலக்கணக்கில் திரும்பத் திரும்பத் தளிர் கழிப்பது. ஒரே அடிக்கட்டையை இரண்டு ஆண்டுகளில் ஐந்தாறு தரம் கழிக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் வேர் சேமிப்பை மீட்டுக்கொள்ளும்.

இரண்டாவது வழி, உமி மூட்டம். ஆலைகளிலிருந்து உமி எளிதாகக் கிடைப்பவர்களுக்கு இது உதவும். அடிக்கட்டையைச் சுற்றி ஓர் அடி ஆழம் மண்ணை எடுத்து வேர்க்கழுத்தைத் திறந்து, உமியும் காய்ந்த சாணமும் குவித்து, கொழுந்துவிடாமல் கனலும்படி தீ மூட்டி ஓரிரு நாள்கள் விட வேண்டும். கழுத்திலிருந்து மட்டும் முளைக்கும் மரங்களுக்கே இது பயன்படும், விடத்தலுக்குப் பயனில்லை. சுற்றிலும் பத்தடி புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்காமலும், கச்சான் வீசும் மாதங்களிலும் இதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, வெட்டிய முகத்தில் களைநாசினி பூசுதல். சரியாகச் செய்தால் மிகக் குறைந்த மருந்தில் மிக உறுதியான பலன் தரும் முறை இதுதான். ஆனால் பலர் செய்யும் விதம் தவறானது. வெட்டிவிட்டு மதியச் சாப்பாடு முடித்து வந்து பூசுகிறார்கள். வெட்டுமுகம் சிறிது நேரத்தில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு பூசிய மருந்து உள்ளே இறங்காது. இருவர் சேர்ந்து வேலை செய்யுங்கள். ஒருவர் மண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் மட்டமாக அறுக்க வேண்டும். மற்றவர் மரத்தூளைத் துடைத்துவிட்டு உடனே தூரிகையால் பூச வேண்டும். வெட்டுமுகத்தை உற்றுப் பார்த்தால், பட்டைக்குச் சற்று உள்ளே ஈரமும் பசுமையும் கலந்த மெல்லிய வளையம் ஒன்று தெரியும். உயிருள்ள பகுதி அதுதான். கைப் பருமனுக்கு மேற்பட்ட கட்டையில் நடுவைரத்தில் பூசும் மருந்து வீணே. அந்த வளையத்தையும் வெளிப்பட்டையின் பக்கங்களையும் நனைப்பதே தேவை. மரம் வளர்ச்சியில் இருக்கும் தை முதல் பங்குனி வரை இதற்கு உகந்த காலம். மழை வரும் நாளில் பூச வேண்டாம்.

வெறும் டீசலையோ பழைய எஞ்சின் எண்ணெயையோ அடிக்கட்டையில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது மரத்தை உறுதியாகக் கொல்வதில்லை; ஆழமற்ற கிணறுகள் நிறைந்த நம் மணற்பாங்கான ஊர்களில் குடிநீரைக் கெடுப்பதற்கு மட்டும் போதுமானது.

மருந்தைப் பற்றிய சில கண்டிப்பான சொற்கள்

கிளைபோசேற் என்னும் களைநாசினி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் அதன் இறக்குமதித் தடை நீக்கப்பட்டது. பரகுவாற் என்னும் களைநாசினி முற்றாகத் தடைசெய்யப்பட்ட ஒன்று. பழைய போத்தல் எங்காவது கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கம் இல்லாத, மூன்று மொழிச் சிட்டை ஒட்டப்படாத எதையும் வாங்க வேண்டாம். அளவு, கலவை, கால்நடைகளை விலக்கி வைக்க வேண்டிய நாள்கள் ஆகியவற்றைச் சிட்டையின்படியே கடைப்பிடிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடமும் கால்நடை வைத்தியரிடமும் கேளுங்கள். பால் கறக்கும் பட்டியாயின் இது தவிர்க்கவே முடியாத படி; தயிர்ச் சட்டியில் போய்ச் சேருவது உங்கள் தரையில் தெளித்தது என்பதை மறக்கக் கூடாது.

கிளைபோசேற் புல்லையும் கொல்லும் என்பதால், மேய்ச்சல் தரையில் அதைப் பூசலாமே தவிரத் தெளிக்கக் கூடாது. வயலுக்கு வாங்கிய எம்.சி.பி.ஏ. போன்ற அகன்ற இலைக் களைநாசினியை முட்பற்றை மேல் அடித்தால் இலை கருகும், வேர் பிழைக்கும். கூடவே புல்லிடையே விதைத்த ஸ்டைலோ, சென்ரோசீமா போன்ற பயற்றினத் தீவனங்கள் அழிந்துபோகும். பிக்குலோறம் போன்ற சில மரக்கொல்லி மருந்துகள் மாட்டின் வயிற்றைத் தாண்டியும் சாணத்தில் அழியாமல் இருந்து, அந்த எருவை இட்ட மிளகாய், தக்காளி, கத்தரிச் செடிகளைச் சுருளச் செய்யும். எரு விற்கும் பட்டிக்காரர் வாங்குபவருக்கு இதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

வேர்முளை விடும் மரங்கள்: செய்யக் கூடாததே முக்கியம்

விடத்தல் மண்டிய தரையில் தட்டுக் கலப்பை ஓட்டுவதுபோலத் தீங்கான வேலை வேறில்லை. கலப்பைத் தட்டு படுக்கை வேர்களைத் துண்டு துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் தனி முளையாக எழும். உழுத அன்று நிலம் பார்க்க மிக அழகாக இருக்கும். அடுத்த மாரியில் பற்றை முன்னிலும் அடர்ந்துவிடும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1960களில் பிரிகலோ என்னும் வேலமர இனக் காடுகளை இயந்திரத்தால் வீழ்த்திப் பெருமளவில் மேய்ச்சல் தரையாக்கியவர்கள் இதே பிரச்சினையைச் சந்தித்தார்கள். மரம் வீழ்ந்தது, வேரிலிருந்து முளைகள் காடாக எழுந்தன. படுக்கை வேர்களை மண்ணுக்கு அடியில் ஆழத்தில் அறுக்கும் அகன்ற அலகுக் கலப்பைகள் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது அதனால்தான். அத்தகைய கருவி நமக்குக் கைக்கெட்டாதது. ஆகவே அரைகுறை ஆழத்தில் வேரைத் துண்டாக்குவதை அறவே தவிர்ப்பதுதான் நமக்குள்ள வழி.

பதிலாக ஆடுகளைப் பயன்படுத்துங்கள். முளைகளை முழங்காலுக்குக் கீழே வெட்டி, புதுத்தளிர் மென்மையாக எழுந்ததும் வலைவேலியோ அலம்பல் வேலியோ அடைத்த சிறு துண்டில் ஆடுகளை அடர்த்தியாக இரண்டு மூன்று நாள் விட வேண்டும். இலை முழுவதும் உரிந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றி, மறுபடி தளிர் விரியும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆடுகளைத் தரை முழுவதிலும் அவிழ்த்துவிட்டால் அவை விரும்பியதை மட்டும் கடித்துப் போகும், மரம் சாகாது. இரண்டு மாரி இவ்வாறு மெலிவித்த பின் எஞ்சும் தண்டுகளுக்கு வெட்டிப் பூசும் முறையைக் கையாண்டால் மருந்துச் செலவு மிகவும் குறையும்.

தீ வைப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கோடை முடிவில் தரையைக் கொளுத்துவது சிறு கன்றுகளைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் விடத்தல், இப்பில்-இப்பில் என்னும் தீவன மரம் போன்றவற்றின் கடினத்தோல் விதைகள் சூடு பட்டதும் உறக்கம் கலைந்து ஒன்றாக முளைக்கும். அடிக்கட்டைகள் உயிரோடு இருக்கும். கச்சானில் நெருப்பு அயல் காணிக்கும் காட்டுக்கும் பாயும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

புல்லே முதற்காவல்

இதுவரை கூறியவை அனைத்தும் மரத்தை மெலிவிப்பதற்கானவை. மரம் திரும்பாமல் தடுப்பது அடர்ந்த புல். மண்ணில் வெளிச்சம் விழாத அளவுக்குக் கினிப் புல்லோ சிக்னல் புல்லோ மூடியிருந்தால், விதையிலிருந்து எழும் கன்றில் மிகச் சிலவே முதற்கோடையைத் தாண்டும். அதே புல்லை மாடுகள் ஒட்டக் கடித்து மண் தெரியும்படி விட்டால், எல்லா வேலையும் வீண்.

நம் மாவட்டத்தில் இந்த ஒட்டக்கடிப்பு நிகழும் காலமே சிக்கலானது. ஐப்பசி, கார்த்திகையில் பெரும்போக விதைப்பு தொடங்கியதும் வயல்களிலிருந்து மாடுகள் வெளியேற்றப்படும். வைக்கோலும் அறுவடைத் தாளும் இல்லாத அந்த மாதங்களில் எல்லாப் பட்டிகளும் மேய்ச்சல் தரைக்கே திரும்பும். புதுப் புல் வேரூன்றுவதும், மர விதைகள் முளைப்பதும் அதே வாரங்களில்தான். இளம் புல்லை மாடு பிடுங்கித் தின்ன, அது தொடாத முட்கன்று தனியே வெளிச்சம் பெற்று வளர்கிறது. மேய்ச்சல் தரை போதாமை திருகோணமலைப் பட்டிக்காரர்களின் நீண்டகாலத் துயரம். அதை ஒருவர் தனியே தீர்க்க முடியாது. ஆனால் தன் தரைக்குள் அந்த நெருக்கடியைப் பங்கிட முடியும்.

தரையைக் கிளிறிசீடியாக் கதியால் வேலியால் குறைந்தது நான்காகப் பிரியுங்கள். புதிதாக நட்ட பிரிவுக்குள் முதல் மாரி முழுவதும் மாட்டை விடாமல், தேவையானால் புல்லை அறுத்துக் கொண்டுபோய்ப் போடுங்கள். சி.ஓ.-3 என்னும் அறுத்துப் போடும் தீவனப் புல்லைப் பட்டிக்கருகே ஒரு சிறு பாத்தியில் வைத்திருப்பவருக்கு இந்த மாதங்கள் எளிதாகக் கழியும். வேரூன்றிய பிரிவுகளில் கினிப் புல் இரண்டடிக்கு மேல் வளர்ந்ததும் மாட்டை விட்டு, அரை அடித் தாள் மிஞ்சும்போதே வெளியேற்ற வேண்டும். மாரியில் நான்கு வாரமளவும் கோடையில் அதைவிட நெடுநாளும் ஓய்வு கொடுக்க வேண்டும். புல்வேர்த் துண்டுகளை நடுவதற்கு ஒக்டோபரில் முதல் நல்ல மழை மண்ணை நனைத்த வாரமே ஏற்றது. இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் அந்த மாரிக்குள்ளேயே இடைவெளி மூடும்.

இப்பில்-இப்பில் நல்ல தீவனம்தான். ஆனால் காய் முற்றவிடாமல் வெட்டுவதற்கு ஆள் இல்லாதவர் அதைத் தரைக்குள் நட வேண்டாம். சில ஆண்டுகளில் நீங்கள் கட்டுப்படுத்த வேண்டிய மரங்களில் அதுவும் ஒன்றாகிவிடும்.

விதை உள்ளே வரும் வழிகளை அடைத்தல்

விடத்தல் காயையும் இலந்தைப் பழத்தையும் தின்ற மாடு, அந்த விதைகளைச் சாணத்தோடு உங்கள் தரையில் நட்டுவிடும். காய் உதிரும் காலத்தில் காட்டில் மேய்ந்து திரும்பும் மாடுகளை, உடனே விதைத்த தரைக்குள் விடாமல், ஒரு வாரமளவு பட்டியடியிலேயே வேறு தீவனம் போட்டு நிறுத்துங்கள். வயிற்றிலுள்ள விதைகளில் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறிவிடும். பட்டியடியில் முளைக்கும் கன்றைச் செதுக்குவது தரை முழுவதும் தேடுவதைவிட எளிது. நாயுண்ணியையும் வேம்பையும் பரப்புபவை பறவைகள். ஆகவே நிழல் மரங்களின் அடியையும் வேலிக் கதியால்களின் அடியையும் ஒவ்வொரு தையிலும் முதலில் பாருங்கள். யானைக்காக மின்வேலி போட்டவர்கள் கம்பிக்குக் கீழே எழும் முளைகளை அதிகமாகக் கவனிக்க வேண்டும். ஈர இலை கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்து, வேலி பெயரளவுக்கே நிற்கும்.

மூன்று ஆண்டுக் கணக்கு

பத்துத் தப்படிக்குப் பத்துத் தப்படி அளவில், தரையின் வெவ்வேறு இடங்களில் நான்கைந்து சதுரங்களைக் கல் நட்டு அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு தையிலும் அவற்றுக்குள் உள்ள முளைகளை இனவாரியாக எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். கண் மதிப்பு ஏமாற்றும், எண் ஏமாற்றாது. விதைக்கன்று குறையாவிட்டால் புல்லில் இடைவெளி உள்ளது, அல்லது விதை உள்ளே வருகிறது. அடிக்கட்டைத் தளிர் குறையாவிட்டால் வெட்டும் காலம் தவறு, அல்லது பூசுவதில் தாமதம். வேர்முளை பெருகினால், யாரோ உழுதிருக்கிறார்கள்.

முதலாம் ஆண்டில் கன்று பிடுங்குதலும் அடிக்கட்டை வேலையும். இரண்டாம் ஆண்டில் தப்பிய கட்டைகளும் ஆடுகளும். மூன்றாம் ஆண்டில் எஞ்சிய வேர்முளைகளும் வேலியோரமும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால், நான்காம் ஆண்டிலிருந்து ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு அது சுருங்கிவிடும். அப்போதும் மாரி ஓய்ந்த முதற்கிழமையில், பட்டியை உள்ளே விடுவதற்கு முன், மண்வெட்டியோடு ஒரு தரம் தரை முழுவதும் நடந்து வர வேண்டும்.